மட்டம் அப்புறம், முதலில் உப்பையும் ஓதத்தையும் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற வேதாளையில் அப்பா கட்டிய வீடு, 18 வருடம் ஆகிறது. 14க்கு 12 அடி ஹால், வெறும் கான்கிரீட் தரை, டைல்ஸ் கிடையாது. வடகிழக்கு மூலை ஒன்றரை இஞ்ச் இறங்கியிருக்கிறது, வாசல் பக்கம் அரை இஞ்ச் மேடு ஒன்று இருக்கிறது, தரையைத் துடைத்தால் தண்ணீர் போய் அந்த மூலையில் தேங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த மேட்டில் இரண்டு தடவை தடுக்கிவிட்டது. உள்ளூர்க் கொத்தனார் "எல்லாத்துக்கும் மேல ரெண்டு இஞ்ச் போட்டு விட்ருவோம், ஒரே நாள் வேலை" என்கிறார். அப்படிப் போடலாமா, நாமே செய்ய முடியுமா, மேலே வழவழப்பாகச் சிமென்ட் பினிஷிங் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் கூட இருந்தால் நீங்களும் சேர்ந்து இரண்டு நாளில் போட்டு முடிக்கலாம். ஆனால் அந்த இரண்டு நாளுக்கு முன்னால் ஒரு வாரத்து வேலை இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. நான் உச்சிப்புளிக்காரன், கையாளாக ஆரம்பித்து 26 வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன், பாம்பனிலிருந்து ஏர்வாடி வரைக்கும் தரை போட்டிருக்கிறேன், அடுத்தவர் போட்டதை உடைத்தும் இருக்கிறேன். உடைத்ததில் மட்டம் தப்பிப்போனதால் உடைத்தது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் உப்பு, ஓதம் (மண்ணிலிருந்து மேலே ஏறுகிற ஈரம்), பழைய தரையோடு பிடிமானம் இல்லாதது, இந்த மூன்றில் ஒன்று. மதுரைப் பக்கம் வீடு கட்டுகிறவர் வீடியோவில் காட்டுகிற முறை நம் கரையில் பாதிக்குப் பாதிதான் பொருந்தும் என்பதற்குக் காரணமும் இதுதான்.

நானே பட்டுத் தெரிந்துகொண்டது. தனியாக வேலை பிடித்துச் செய்ய ஆரம்பித்த புதிதில் பாம்பனில் ஒரு வீட்டு வராந்தாவுக்குத் தரை போட்டேன். வீட்டுக்காரர் கரையிலிருந்து மணல் அடித்து வைத்திருந்தார், கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும், சரி போகட்டும் என்று நானும் கலந்துவிட்டேன். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவை விட்டு அசையாது, அவ்வளவு சுத்தமாக வந்தது. மழைக்காலம் முடிந்து தை மாதம் போய்ப் பார்க்கிறேன், சுவரோரம் முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, பஞ்சைப் பிய்த்து ஒட்டினது மாதிரி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. அடுத்த வருடத்துக்குள் மேல்தோல் செதில் செதிலாக எழும்பிவிட்டது. முழுவதையும் உடைத்து என் கைக்காசில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். உடைத்த அந்த ஒரு வாரமும் அந்த வீட்டுக் கைக்குழந்தை தூசியில் இருமிக்கொண்டே கிடந்தது, காசு போனது மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

உப்பு தரைக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். நம் கரையில் ராத்திரி நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே உப்பு கலந்த தரை ராத்திரி நனையும், மத்தியானம் காயும், காயும்போது உப்பு மறுபடி படிகமாகி மேல்தோலுக்கு அடியில் இடம் கேட்டுத் தள்ளும். தினம் தினம் இந்தத் தள்ளல் நடந்தால் எவ்வளவு நல்ல பூச்சும் உதிரும். காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, துருவைப் பற்றிச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது என்றால் நம் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் சோதனை. ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாள் மூன்று துண்டு வெட்டி, ஒன்றை அந்த இறங்கின மூலையிலும், ஒன்றை நடுவிலும், ஒன்றை வாசல் பக்கத்திலும் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டுக் காற்றுப் போகாமல் ஒட்டிவிடுங்கள். ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும். மறுநாள் பார்க்கும்போது தாளின் மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், பயமில்லை. தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ, கீழே மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

இரண்டாவது, தட்டிப் பார்ப்பது. சின்னச் சுத்தியலோ கனமான சாவிக்கொத்தோ எடுத்துக்கொண்டு அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டங் டங் என்று கெட்டியாகக் கேட்கும், சுத்தியல் கையில் எகிறும். பிடிப்பு விட்ட இடம் பொத் என்று கேட்கும், காலியான தகர டப்பாவைத் தட்டின மாதிரி ஒரு வெறுமை இருக்கும். காது கேட்பதற்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பொத் என்று கேட்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். அந்த இடங்களை உடைத்து எடுத்தே ஆகவேண்டும், அதன் மேல் எதைப் போட்டாலும் அடியில் உள்ளது கழன்றால் மேலே உள்ளதும் கழலும்.

மூன்றாவது, அந்த மூலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியவேண்டும். நம் பக்கத்தில் தரைக்கு அடியில், பேஸ்மட்டத்துக்குள் கடற்கரை மணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தாமல் மேலே கான்கிரீட் போட்டுவிடுவது நிறைய நடந்திருக்கிறது. முதல் சில வருடங்களில் அமுங்கி நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் மூலைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயோ, கழிவறைத் தொட்டியோ, கூரைத் தண்ணீர் விழுகிற இடமோ இருந்து, அடியில் மணலை அரித்துக்கொண்டிருந்தால், நீங்கள் போடுகிற புதுத் தரையும் கூடவே இறங்கும். அந்த மூலைப் பக்கம் விரிசல் இருந்தால் அதன் மேல் குறுக்காக இரண்டு மூன்று இடத்தில் கெட்டியாகச் சிமென்ட் குழைத்துப் பொட்டு வைத்து, பக்கத்தில் தேதி எழுதி விடுங்கள். ஒரு மாதத்தில் பொட்டு வெடித்தால் தரை இன்னும் நகர்கிறது, முதலில் கசிவைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள், தேவைப்பட்டால் அந்த மூலையை மட்டும் உடைத்து, அடி மண்ணை அரையடிக் கனமாகப் பரப்பி நனைத்து இடித்து, புதிதாகக் கான்கிரீட் போட்டுவிட்டு அப்புறம் மட்டத்துக்கு வாருங்கள். ஒரு மாதமா என்று தோன்றும். 18 வருடம் பொறுத்த தரை, ஒரு மாதம் பொறுக்கலாம்.

இனி மட்டம் பார்ப்பது. லேசர் எல்லாம் வேண்டாம், உள்ளே தண்ணீர் தெரிகிற 30 அடி பிளாஸ்டிக் டியூப் ஒன்று வாங்கி, தண்ணீரில் இரண்டு துளி சொட்டு நீலம் கலந்து நிரப்புங்கள், நடுவில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது, குமிழி இருந்தால் டியூப் பொய் சொல்லும். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு குறி, அந்தக் குறிக்கு டியூப் தண்ணீரை நிறுத்தி, மறுமுனையை ஒவ்வொரு சுவராகக் கொண்டுபோய்க் குறித்து, ஹால் முழுக்கச் சுற்றிக் கோடு அடித்துவிடுங்கள். பிறகு தரையில் இரண்டடிக்கு இரண்டடி சாக்பீஸ் கட்டம் போட்டு, எதிர் எதிர்ச் சுவர்க் கோடுகளுக்கு நடுவில் நூல் பிடித்து, ஒவ்வொரு புள்ளியிலும் நூலிலிருந்து தரைவரை அளந்து, அந்த எண்ணை அங்கேயே தரையில் எழுதுங்கள். எழுதி முடித்து எழுந்து நின்று பார்த்தால் ஹாலின் மேடும் பள்ளமும் வரைபடம் மாதிரி தெரியும். எண் கூடினால் பள்ளம், குறைந்தால் மேடு.

அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு பெரும்பாலும் ஒன்று புரியும்: பிரச்சினை முழு ஹாலிலும் இல்லை, ஒரு மேட்டில்தான் இருக்கிறது. வாசல் பக்கத்து அரை இஞ்ச் மேட்டை அப்படியே விட்டால் அதற்கு மேல் குறைந்தது ஒரு இஞ்ச் கனம் வேண்டும், அப்போது முழு ஹாலும் அந்த அரை இஞ்ச் கூடுதலாக ஏறவேண்டும். மேட்டை முதலில் வெட்டுங்கள். ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் மாட்டினால் அரை நாளில் இறங்கிவிடும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெட்டது தம்பி, துண்டைக் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள், நல்ல மாஸ்க் வாங்குங்கள், அம்மாவை அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

இப்போது கனம். பழைய தரையோடு ஒட்டிப் பிடிக்கிற மாதிரி போடும் சிமென்ட் சாந்து குறைந்தது ஒரு இஞ்ச் இருக்கவேண்டும். பள்ளத்தை மட்டும் நிரப்பி ஓரத்தை ஒன்றுமில்லாமல் இழுத்து முடிப்பது, எல்லோரும் செய்கிற தப்பு இதுதான், தோசை ஓரம் மாதிரி மெலிந்துபோகிற அந்த விளிம்பு ஆறு மாதத்தில் துண்டு துண்டாக எழும்பும். மூலையை மட்டும் நிரப்புவதானால் பள்ளத்தின் ஓரத்தைச் சுற்றிப் பழைய தரையில் ஒரு இஞ்ச் ஆழத்துக்குப் படியாக வெட்டி, புதுச் சாந்து அந்தப் படியில் முட்டி நிற்கிற மாதிரி செய்யவேண்டும். உங்களுக்கு முழு ஹாலும் ஒரே மாதிரி வழவழப்பாக வேண்டும் என்பதால் நான் முழுவதற்கும் போடச் சொல்வேன், வாசல் பக்கம் ஒரு இஞ்ச், மூலைக்குப் போகும்போது இரண்டரை இஞ்ச்.

தாளுக்கு அடியில் ஓதம் தெரிந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது ஒட்டிப் போடுவதில் பயனில்லை, மண்ணின் உப்பு புதுத் தரை வழியாகவும் ஏறும். மூலைப் பள்ளத்தை முதலில் நிரப்பி ஓரளவு சமமாக்கி, 250 மைக்ரான் பாலித்தீன் தாளைக் கிழியாமல் விரித்து, தாளும் தாளும் சேருமிடத்தில் அரையடி ஏற்றி டேப் போட்டு, சுவரோரம் கொஞ்சம் மேலே மடித்துவிட்டு, அதன் மேல் பேபி ஜல்லி (கால் இஞ்ச் அளவுப் பொடி ஜல்லி) கலந்த கான்கிரீட் போடவேண்டும். அடியில் பிடிப்பு இல்லாததால் அது தன் கனத்தில்தான் நிற்கவேண்டும், இரண்டு இஞ்சுக்குக் குறையவே கூடாது. உங்கள் கொத்தனார் சொன்ன இரண்டு இஞ்ச் அப்போது சரியாகத்தான் இருக்கும், ஆனால் தாளோடு. இதில் கோழிவலை வைக்கலாமா என்று கேட்பார்கள், நம் கரையில் வேண்டாம், துருப்பிடித்து உள்ளேயிருந்து வெடிக்கும். மூட்டைக்கு ஒன்று என்று கடையில் விற்கிற பிளாஸ்டிக் நார் பாக்கெட் போட்டால் போதும்.

சாமான் கணக்கு, ஒட்டிப் போடுகிற முறைக்குச் சொல்கிறேன். 168 சதுர அடி, சராசரி ஒன்றேமுக்கால் இஞ்ச் என்று வைத்தால் கிட்டத்தட்ட 25 கன அடிச் சாந்து. ஈரமாகக் கலந்தால் அளவு சுருங்கும் என்பதால் உலர்ந்த சாமான் 32 கன அடி வேண்டும். சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையில் சிமென்ட் ஆறரை மூட்டை வரும், அடியில் தடவும் சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்), மேல் பினிஷிங் எல்லாம் சேர்த்து 8 மூட்டை வாங்குங்கள். மணல் 25 கன அடி, அதாவது கால் யூனிட். கனம் அதிகமாக வரும் மூலைப் பக்கம் மணலில் பாதியைக் குறைத்துப் பேபி ஜல்லி சேர்த்துக்கொண்டால் வெடிப்பு குறையும். ஒரு சதுர அடியில் ஒரு இஞ்ச் கனம் என்றால் சுமார் 5 கிலோ, ஆக உங்கள் ஹாலில் ஒன்றரை டன் ஏறப்போகிறது. தரைத்தளம் என்பதால் பரவாயில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது மாடித் தரையில் செய்யப் போனால் முதலில் கீழே போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயர்ந்திருந்தால், கம்பி ஓடுகிற திசையில் பழுப்புக் கோடு தெரிந்தால், ஒரு சட்டிச் சாந்துகூட மேலே ஏற்றாதீர்கள், இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள். கரையோர வீடுகளில் இது நிறைய இருக்கிறது.

மணல் எம்-சாண்டாகவே (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) வாங்குங்கள், பூச்சுக்கு வரும் பி-சாண்ட் வேண்டாம், அது மாவாக இருக்கும், தரை சுருங்கி வெடிக்கும். கடற்கரை மணலைக் கழுவிப் போட்டால் போதாதா என்று கேட்காதீர்கள், கழுவுவதற்கு நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது நம்மிடம்? வந்த மணலில் தூசி எவ்வளவு என்று பார்க்க ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி வரை மணல், முக்கால்வாசி வரை தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். உப்பு தூசியைச் சீக்கிரம் படிய வைக்கும், இந்த வேலையில் உப்பால் ஆகிற ஒரே நன்மை அதுதான். மேலே படிகிற மெல்லிய அடுக்கு மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ல், கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருப்பது) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை, கம்பி இல்லாததற்கு 2000 வரை என்று இருக்கிறது. அதைக் காட்டி "தரையில கம்பியே இல்லையே, கெணத்துத் தண்ணி போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. பலத்துக்கு அது போதலாம், ஆனால் பூப்பதும் கசிவதும் பலத்தைப் பற்றியது இல்லை. குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள், காவிரிக் குழாய் தண்ணீரோ லாரித் தண்ணீரோ. ஒரு மூட்டைக்கு 22 லிட்டர் கணக்கில் 8 மூட்டைக்கு 180 லிட்டர்கூட வராது, நனைக்க, கழுவ, பிறகு ஈரம் காக்க எல்லாம் சேர்த்து நான்கைந்து டிரம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிமென்டுக்குக் காட்டுகிற கவனத்தைத் தண்ணீருக்கும் காட்டுங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அலுப்பதில்லை.

போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் பழைய தரை முழுக்கக் கொத்துங்கள். பேருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக உளியை வைப்பது கொத்து இல்லை, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கொத்து விழவேண்டும், உள்ளே இருக்கிற ஜல்லி முகம் காட்டவேண்டும். எண்ணெய்க் கறை, பழைய பெயின்ட், மெழுகு எதுவும் இருக்கக்கூடாது. வெள்ளைப் பூ இருந்தால் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டு அப்புறம் கழுவுங்கள். முதல் நாள் சாயங்காலம் தரையை நன்றாக நனைத்து ராத்திரி முழுக்க ஈரத்தில் விடுங்கள். காலையில் தேங்கின தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள், தரை உள்ளே நனைந்தும் மேலே பளபளக்காமலும் இருக்கவேண்டும். அதன் மேல் சிமென்ட் பாலை, முடிந்தால் பிடிப்புக்காகச் சேர்க்கிற எஸ்பிஆர் லேட்டக்ஸ் திரவம் கலந்து, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கவேண்டும். ஒரே நேரத்தில் ஒரு கட்டத்துக்கு மட்டும் தேயுங்கள். பால் காய்ந்து வெளுத்துவிட்டால் அது பசை இல்லை, இரண்டுக்கும் நடுவே விரித்த காகிதம் மாதிரிதான், திரும்பச் சுரண்டி எடுக்கவேண்டும்.

பதினாலடியை நாலாக, பன்னிரண்டை மூன்றாகப் பிரித்தால் மூன்றரைக்கு நாலடி அளவில் 12 கட்டம் வரும். நடுவில் கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்துக்கொண்டு, முதல் நாள் ஒன்று விட்டு ஒன்றாக ஆறு கட்டம், மறுநாள் மீதி ஆறு. சிமென்ட் சுருங்கத்தான் செய்யும், அது எங்கே விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதை நாம் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் கண்ட இடத்தில் வெடிக்காது. பழைய விரிசல் இருந்தால் பட்டையை அதன் நேர்மேலே வருகிற மாதிரி தள்ளி வையுங்கள். பட்டையின் மேல் விளிம்புதான் உங்கள் மட்டம், ஆகவே அதைச் சுவர்க் கோட்டிலிருந்து அளந்து வையுங்கள். முழுச் சமமாகவும் வைக்கவேண்டாம், பின்வாசல் பக்கம் அரை இஞ்ச் வாட்டம் கொடுத்தால் துடைக்கிற தண்ணீர் தானாக ஓடும், நடக்கிற காலுக்கு அது தெரியாது. குளியலறையானால் நாலடிக்கு அரை இஞ்ச் வேண்டும்.

கலவை கெட்டியாக இருக்கவேண்டும். ஒரு கை அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி உருண்டு நிற்கணும், உள்ளங்கை ஈரமாகணும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள், இறுகினதைத் தண்ணீர் விட்டு இளக்கிப் போடுவது கூடவே கூடாது. கொட்டி, கரண்டியால் குத்திக் காற்றை வெளியேற்றி, அலுமினியச் சட்டத்தை இரண்டு பட்டைகள் மேலும் வைத்து ரம்பம் அறுக்கிற மாதிரி ஆட்டி ஆட்டி இழுங்கள். பிறகு மணியாஸ் கட்டையால் (சாந்து தேய்க்கிற மரக்கட்டை) வட்டமாகத் தேய்த்துவிட்டு நிறுத்துங்கள். முட்டி போட்டு உட்காரும்போது ஈரச் சாந்தில் முழங்கால் படாமல் பலகையோ ரப்பர் மெத்தையோ வையுங்கள், கையுறை போடுங்கள், ஈரச் சிமென்ட் வலி தெரியாமலே தோலை அரித்துவிடும்.

அடுத்து பினிஷிங், இங்கேதான் பொறுமை. மேலே வேர்த்து நிற்கிற தண்ணீர் தானாக வற்றவேண்டும். அவசரக்காரர்கள் காய்ந்த சிமென்டைத் தூவி அந்தத் தண்ணீரை உறிஞ்ச வைத்து உடனே தேய்ப்பார்கள், அன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும், மூன்று மாதத்தில் சிலந்தி வலை மாதிரி முடி போன்ற வெடிப்பு விழுந்து மாவு உதிரும். கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள், லேசாகத் தடம் விழணும், விரலில் சாந்து ஒட்டக்கூடாது, அதுதான் நேரம். வழவழப்பு வேண்டும் என்பதால் அப்போது சிமென்டைக் குழம்பாகக் கரைத்து, சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ அளவில், மெல்லியதாக ஊற்றி இரும்புக் கரண்டியால் அழுத்தி இழுங்கள். அரை மணி, முக்கால் மணி கழித்து இன்னொரு இழுப்பு. காவித்தரை வேண்டுமானால் இந்தக் கடைசிக் குழம்பில்தான் ரெட் ஆக்சைடு சேரும், சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், இரண்டையும் உலர்வாகவே சலித்துக் கலந்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்று மட்டும் யோசியுங்கள், அம்மா நடக்கிற வீடு. சமையலறை வாசலிலும் பின்வாசலிலும் கண்ணாடி வழவழப்பு வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். அந்த இரண்டு மூன்று கட்டத்தை மணியாஸ் தேய்ப்போடு, மேலே ஒரே ஒரு கரண்டி இழுப்பில் நிறுத்திவிடுங்கள், பார்வைக்குக் கொஞ்சம் மங்கலாக இருக்கும், இருக்கட்டும்.

பத்தடிச் சட்டத்தைப் படுக்கவைத்து அடியில் இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கி நுழைத்துப் பாருங்கள், சுமார் 3 மில்லிமீட்டர். அது நுழையாவிட்டால் நல்ல தரை, அதற்கு மேல் துல்லியம் தேடி அலையவேண்டாம்.

போடும்போதே ஜன்னல் கதவை எல்லாம் சாத்தி வையுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் திறந்த ஹாலில் போட்ட தரை, கலவை இறுகுவதற்கு முன்பே மேல்தோல் காய்ந்து கீறல் விடும், கண்ணெதிரே விடும். ஐப்பசி கார்த்திகையும் வேண்டாம், அப்போது தரை அடியிலிருந்தே ஊறிக் கிடக்கும். தை, மாசி, பங்குனி நம் பக்கத்துக்கு நல்ல மாதங்கள்.

மறுநாளிலிருந்து 10 நாள் ஈரம் காயக்கூடாது. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (PPC) என்கிற சாம்பல் கலந்த சிமென்ட்தான், அதற்கு 7 நாள் போதாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த நம் ஊரில் நல்ல தண்ணீர் கட்டுப்படியாகாது, கிணற்று உப்புத் தண்ணீரை நிறுத்தினால் இவ்வளவு பாடும் வீண். சணல் சாக்கை நனைத்து விரித்து, அதன் மேல் பாலித்தீன் தாளைப் போட்டு ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டு குடம் போதும். சாக்கு வாங்கும்போது பாருங்கள், உப்பு மூட்டை கட்டின சாக்கும் கருவாட்டுச் சாக்கும் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், அதை விரித்தால் நீங்களே தரைக்கு உப்பு ஊட்டுகிறீர்கள். அரிசிச் சாக்கு வாங்குங்கள். இரண்டாம் நாள் பலகை போட்டு நடக்கலாம், பீரோ கட்டில் எல்லாம் மூன்று வாரம் கழித்து, பெயின்ட் அல்லது சீலர் அடிப்பதானால் 28 நாள் முடிந்து, அதுவும் பிளாஸ்டிக் தாள் சோதனையை இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு.

தானாக மட்டமாகிற செல்ப் லெவலிங் பவுடர் பற்றி நீங்கள் கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரைக்கான சாமான் அது, ஒன்றரை இஞ்ச் பள்ளத்துக்கு இல்லை, ஓதம் ஏறுகிற தரையில் கழன்று வரும், விலையும் அதிகம். பின்னால் டைல்ஸ் ஒட்டும் எண்ணம் வந்தால் கடைசியில் ஊற்றுகிற சிமென்ட் குழம்புப் பூச்சை விட்டுவிடுங்கள், மணியாஸ் தேய்ப்பின் சொரசொரப்பு டைல்ஸ் பசைக்கு நல்ல பிடிமானம்.

கதவை மறந்துவிடாதீர்கள். வாசல் பக்கம் ஒரு இஞ்ச் ஏறுகிறது, கதவின் அடியை ஒன்றேகால் இஞ்ச் அறுக்கவேண்டி வரும், தரை போடுவதற்கு முன்பே கழற்றித் தச்சரிடம் கொடுத்துவிடுங்கள். பக்கத்து அறைக்கும் ஹாலுக்கும் நடுவே இப்போது இல்லாத ஒரு இஞ்ச் படி புதிதாக வரும், அங்கே நேராக முடிக்காமல் ஒரு அடி நீளத்துக்குச் சரிவாக இறக்குங்கள், சரிவின் அடி விளிம்புக்கும் பழைய தரையில் ஒரு இஞ்ச் படி வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மேட்டை எடுத்துவிட்டு அம்மாவுக்கு இன்னொரு தடுக்கலை வைத்துவிடக்கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று தாளையும் ஒட்டிவிடுங்கள், மூலையில் ஒட்டினதைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி ஒட்டுங்கள். திங்கள்கிழமை தாளை உரிக்கும்போது எந்தப் பக்கம் ஈரம் என்று பார்த்து எழுதுங்கள், பாலித்தீன் விரிக்கிறதா ஒட்டிப் போடுகிறதா என்று அப்போது சொல்கிறேன். அதுவரை சிமென்ட் வாங்கி அடுக்காதீர்கள், நம் காற்றில் ஒரு மாதத்தில் மூட்டைக்குள் சிமென்ட் கட்டிதட்டிவிடும்.